காக்காய் தூக்கிப் போன சோப்பு

காக்காய் சோப்பைத் தூக்கிக்கொண்டு போகும் என்று எங்களுக்கு வந்த எந்த வழிகாட்டு நெறிமுறையிலும் எழுதியிருக்கவில்லை. 2021 நவம்பர் 1, திங்கட்கிழமை. கொரோனாவுக்காக மூடியிருந்த ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் தமிழ்நாட்டில் திறந்த நாள். காலையில் குழாயடித் திண்டில் ஆறு புதுச் சோப்பு வைத்தோம். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது இரண்டுதான் மிச்சம். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, "சோப்பை யாருடா எடுத்தது?" என்று அதட்டினேன். ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருவன் வேப்பமரத்தைக் கை காட்டினான். உச்சிக் கிளையில் இளஞ்சிவப்பாக ஒரு கட்டி செருகியிருந்தது. பக்கத்திலேயே திருடனும் உட்கார்ந்திருந்தது.

கிட்டத்தட்ட 20 மாதம் கழித்துப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகளிடம் நான் கேட்ட முதல் கேள்வி திருட்டு விசாரணையாகப் போனதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் உண்டு.

எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். செம்மண் பூமி, ஒரு ஊருணி, பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளாக இரண்டு தெரு, அதைத் தாண்டி எங்கள் பிள்ளைகள் குடியிருக்கும் தெருக்கள். நடுநிலைப் பள்ளி. நான் அப்போது தலைமையாசிரியை. ஊர் வாயில் 'பெரிய டீச்சர்'. 112 பிள்ளைகள், ஐந்து ஆசிரியர்கள், நாலு அறை. இரண்டு அறை பழைய கட்டடத்தில்: சுண்ணாம்புச் சுவர், சீமை ஓடு, எதிரெதிர் ஜன்னல். மற்ற இரண்டும் பின்னால் கட்டிய கான்கிரீட் அறைகள். அறை பற்றாததால் பிள்ளைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரவழைத்தோம்.

திறப்பதற்கு முன்னால் மூன்று வாரம் சுத்தம் செய்தோம். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கழிப்பறைக் கதவு இடுக்கில் பாம்புச் சட்டை, பழைய பதிவேடுகளில் கரையான், சத்துணவுக் கூடத்துப் பரணில் குளவிக் கூடு. வெளியே தெரிந்ததெல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. தெரியாதது தண்ணீர்த் தொட்டி. மாடியில் இருக்கும் சின்டெக்ஸின் மூடியைத் திறந்தால் அடியில் ஒரு சாண் சேறு, அதில் ஒரு பல்லி. கீழே குழாயில் வந்த தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் வந்தது! பல மாதம் பூட்டியிருந்த பள்ளியைத் திறப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: தொட்டியை முழுசாக இறக்கித் தேய்த்துக் கழுவுங்கள், பிறகு ஒவ்வொரு குழாயையும் திறந்து, குழாய்க்குள் தேங்கிய பழைய தண்ணீர் எல்லாம் போகும் வரை ஓட விடுங்கள். அதற்கப்புறம் குடிதண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், நல்ல பவுடராக இருந்தால் போதும். தனியாக ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் விஷயத்தில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறைக்கு வேண்டிய சாமான்களை எல்லாம் ஒரே வாளியில் போட்டு, தூய்மைப் பணி செய்யும் அக்காவிடம் கொடுத்தேன். துடைப்பம், பிரஷ், ஆசிட் பாட்டில், பிளீச்சிங் பவுடர் பொட்டலம். அவர் கறை போக ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டு, "பெரிய டீச்சர் குடுத்தாகளே" என்று அதன் மேலேயே பவுடரைத் தூவியிருக்கிறார். அடுத்த நிமிடம் கண்ணெரிச்சல், மூச்சு முட்டுகிற இருமல். ஓடி வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். வாளியில் போடும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஆசிட் ஒரு அலமாரி, பவுடர் ஒரு அலமாரி. ஆசிட் போடும் நாளில் பவுடர் அலமாரியின் சாவி என் கையில்.

அளவும் முக்கியம். புதிதாகப் பிரித்த பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்யும் குளோரின். மேசை, கதவுக் கைப்பிடி துடைக்க 10 லிட்டர் வாளிக்கு 30 கிராம் போட்டால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். கடைத் தராசில் ஒரு தடவை 30 கிராம் நிறுத்து, ஒரு சின்ன டப்பாவில் அந்த அளவுக்கு நகப்பாலிஷால் கோடு போட்டுவிட்டேன். திறந்து வைத்த பவுடர் சில வாரங்களில் காற்றுப்பட்டு வீரியம் இழந்துவிடும். வாசனை இல்லாத பவுடரைக் கோலம் போடத்தான் பயன்படுத்தலாம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் செலுத்தினால் இதே வேலையைச் செய்கிற கரைசல் கிடைக்கும் என்று பாடம் நடத்தும்போது, "அந்தப் படிப்புக்காகவே நம்ம காரைக்குடியில 1953-லேருந்து ஒரு ஆராய்ச்சி நிலையம் நடக்குது, தெரியுமா?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். சிக்ரி என்கிற அந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலைப் பஸ்ஸில் எத்தனையோ தடவை கடந்திருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். மருந்தடிப்பதில் எங்கள் உழைப்பில் பாதி வீணாய்ப் போனது. திறப்புக்கு முந்தின நாள் ஊர் இளைஞர்கள் முதுகில் தெளிப்பான் மாட்டிக்கொண்டு வந்து சுவர், மரம், வாசல் மண் வரைக்கும் அடித்தார்கள். நல்ல மனசு, நானும் போட்டோ எடுத்துக்கொண்டேன். வாசனை தூக்கலாக இருந்தால்தான் சுத்தம் என்று நம் மனசில் பதிந்து கிடக்கிறது. ஆனால் அந்த வருஷம் ஏப்ரலிலேயே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், தொட்ட பொருள் வழியாகத் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லியிருந்தது. நோய் முக்கியமாக மூச்சுக் காற்றில் வருகிறது. நாங்களோ மேசையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தோம்.

குழாயடிக்குத் திரும்புவோம். காக்காய்க்குத் தீர்வு சுலபமாகக் கிடைத்தது. சத்துணவு அக்கா, பூண்டு வரும் நைலான் வலைப் பையைக் கொண்டு வந்தார். ஒரு சோப்பை நாலாக வெட்டி, பைக்குள் போட்டு, குழாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டோம். கை நனைத்துப் பையையே தேய்த்தால் நுரை வருகிறது. சோப்பு கீழே விழுந்து மண்ணாவதில்லை, தண்ணீரில் ஊறிக் கரைவதில்லை. முன்பு ஒரு கட்டி இரண்டு நாள் வரும். பையில் போட்ட பிறகு ஒரு வாரம் வந்தது.

பெரிய பிரச்சினை கணக்கில் இருந்தது. எங்களிடம் இருந்தது இரண்டு குழாய். அன்றைக்கு வந்தவர்கள் 56 பேர். கை நனைத்து, சோப்புப் போட்டு, 20 வினாடி தேய்த்து, அலம்பி நகர ஒரு பிள்ளைக்கு 40 வினாடி. 56 பேருக்கு இரண்டு குழாயில் 19 நிமிடம். சாப்பாட்டு இடைவேளையே 40 நிமிடம்தான். பசித்த பிள்ளை, தள்ளித் தள்ளி நிற்பதற்காகத் தரையில் போட்ட வட்டத்துக்குள் 19 நிமிடம் நிற்குமா? முண்டியடிக்கும், இல்லையென்றால் கை கழுவாமல் தட்டெடுக்கும். முதல் வாரம் அதுதான் நடந்தது. நாங்கள் ஐந்து பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். கத்தியதில் எங்கள் முகக்கவசம் நனைந்ததுதான் மிச்சம். அடுத்த வாரம் காரைக்குடியிலிருந்து பிளம்பரை வரவழைத்து, சுவரோரமாகப் பி.வி.சி. குழாய் இழுத்து எட்டு வாய் வைத்தோம். செலவைப் பழைய மாணவர்கள் சிலர் பகிர்ந்துகொண்டார்கள். 19 நிமிடம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்தது. அன்றைக்கப்புறம் யாரும் கத்தவில்லை. ஒழுங்கு என்று நாம் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது பல நேரம் குழாய்க் கணக்காக இருக்கிறது.

இரண்டு வாயைத் தாழ்வாக வைக்கச் சொன்னதும் நல்ல யோசனையாக அமைந்தது. முன்பு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எக்கி நின்று கையை உயர்த்தினால் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடும். சட்டை நனைவது பிடிக்காமல் விரல் நுனியை மட்டும் காட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். 20 வினாடிக்கு நாங்கள் கடிகாரம் வைக்கவில்லை. இரண்டாம் வாய்ப்பாட்டை நிதானமாக ஒரு தடவை சொன்னால் சரியாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு உயிரெழுத்து, இரண்டு தடவை. சானிடைசரை ஆசிரியர் மேசையோடு நிறுத்திக்கொண்டோம். மண்ணில் விளையாடிய அழுக்குக் கையில் அது சரியாக வேலை செய்யாது. அதோடு, எரியக்கூடிய பொருள். தீபாவளி பள்ளி திறந்த வாரம் வியாழக்கிழமை. பையெல்லாம் பொட்டு வெடியாக இருந்த நேரம்!

இனி காற்று. ஒரு மாலையில் பிள்ளைகள் போன பிறகு, ஒவ்வொரு அறையின் நடுவிலும் ஊதுபத்தி ஏற்றி வைத்துப் பார்த்தேன். இதற்கெல்லாம் கருவி இருக்கிறது, எங்களிடம் இல்லை. பழைய கட்டடத்தில் புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேலே ஏறி, ஓட்டுக்குக் கீழே உள்ள திறப்பு வழியாக நிமிடத்தில் போய்விட்டது. கான்கிரீட் அறையில் அது தலை உயரத்தில் மெத்தை விரித்த மாதிரி தொங்கியது. ஜன்னல் ஒரு பக்கம் மட்டும். அதிலும் இரண்டு கதவு பெயின்ட் ஒட்டித் திறக்கவே முடியவில்லை. ஆசாரியை வைத்துப் பிரித்தெடுத்தோம். எதிர்ச் சுவரின் உச்சியில் இரண்டு வெளிவிடு துளை போட அனுமதி கேட்டு வாங்கினோம். மின்விசிறி ஓடினாலும் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். மூடிய அறையில் மின்விசிறி ஒருவர் மூச்சை இன்னொருவருக்குப் பரிமாறத்தான் உதவும். வெயில் நாளில் வேப்பமரத்தடியே வகுப்பு.

இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் வாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, முற்றம், பின்கட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியும். காற்று புகுந்து ஓடுவதற்கென்றே கட்டியது. அப்படி வீடு கட்டத் தெரிந்த ஊரில், ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வைத்த வகுப்பறையை எப்படி ஏற்றுக்கொண்டோம் என்று எனக்குப் புரியவில்லை.

மழை வந்தது. அந்த நவம்பரில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். திறந்த பள்ளிக்கு மழை விடுமுறையே பல நாள் போயிற்று. ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் புகை மெத்தை. அப்போது கைகொடுத்தவர் பள்ளிக்கு அடுத்த வீட்டு ஆச்சி. அந்தத் தெருவில் பூட்டாத சில வீடுகளில் ஒன்று அவர்களுடையது. "ஏன் பிள்ளைகளை நனைய விடுறீக? நம்ம முகப்புல உக்கார வைங்க டீச்சர். கூரையும் இருக்கு, காத்தும் வருது" என்றார்கள். நீளமான திண்ணை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஒன்று, இரண்டாம் வகுப்புகளை அங்கே மாற்றினோம்.

அதில் ஒரு சங்கடம் வந்தது. அந்தத் திண்ணையில் தங்கள் பிள்ளைகள் உட்காரலாமா என்று இரண்டு தாய்மார் என்னிடம் தனியாக வந்து கேட்டார்கள். ஏன் கேட்டார்கள் என்று இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்போதுதான், நாங்கள் இரண்டு வாரமாகப் பிள்ளைகளைப் பார்த்து "தள்ளி நில்லு, தொடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் வேறு மாதிரி விழுந்தது. 'சமூக இடைவெளி' என்று சுவரில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு 'ஒரு கை நீளம்' என்று எழுதினேன். யார் எந்த வட்டத்தில் நிற்பது என்பதைப் பிள்ளைகளே சீட்டுக் குலுக்கிப் போட்டு, வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்ள வைத்தோம். அந்தத் தாய்மாரை நானே ஆச்சி வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஆச்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்குமா கேள்வி? தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று சொம்பை நீட்டினார்கள். எல்லா வீட்டிலும் இப்படி நடந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு அன்று நடந்தது.

எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிற பழக்கம் இந்தக் காலத்தில் மிகவும் உதவியது. பானையோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்த டம்ளரை எடுத்துவிட்டோம். பாட்டில் கொண்டுவந்த பிள்ளை அதில் குடிக்கும், கொண்டுவராத பிள்ளை அண்ணாந்து குடிக்கும். எல்லோருக்கும் ஒரே சொம்பு, ஒரே முறை.

மிக முக்கியமான இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். வாசலில் தெர்மல் ஸ்கேனர் வைத்திருந்தோம். பிள்ளைகள் அதைத் 'துப்பாக்கி' என்றார்கள். ஒன்பது மணி வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்த பிள்ளையின் நெற்றியில் காட்டினால் 100-ஐத் தாண்டும். முதல் நாள் ஏழு பேரைத் திருப்பி அனுப்பப் பார்த்தோம். நிழலில் பத்து நிமிடம் உட்கார வைத்து, வியர்வையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஏழு பேருக்கும் 97, 98. அதற்குப் பிறகு நிழலில் உட்கார வைக்காமல் பார்ப்பதில்லை.

ஆனால் இரண்டாம் வாரம் துப்பாக்கி 97 காட்டிய மூன்றாம் வகுப்புப் பெண், மதியம் ஒரு மணிக்கு மேசையில் தலை சாய்த்துவிட்டாள். தொட்டால் கொதிக்கிறது. காலையில் அவள் அம்மா பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியிருந்தார். நாலைந்து மணி நேரத்தில் மாத்திரையின் வேலை முடிந்து காய்ச்சல் திரும்பிவிட்டது. எனக்கு முதலில் கோபம் வந்தது. அம்மாவை வரவழைத்தேன். நூறு நாள் வேலைக்குப் போன இடத்திலிருந்து மண்வெட்டியோடு வந்தார். "வீட்டுல விட்டா யாரு பாக்குறது டீச்சர்? இங்க வந்தா ஒரு வேளைச் சோறும் முட்டையும் கிடைக்கும். அதோட, காய்ச்சல்னு சொன்னா தெருவே எங்களை ஒதுக்கிரும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் கற்பனை இல்லை. 2020-இல் தொற்று வந்த வீடுகளுக்குத் தகரம் அடித்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தகரத்துக்குப் பயந்துதான் ஊரில் காய்ச்சல்கள் ஒளிந்துகொண்டன.

அந்தப் பெண்ணுக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வதால் அந்தக் குடும்பம் ஒரு கூலி, ஒரு வேளைச் சோறு, தெருவில் பேர் என மூன்றையும் இழக்கிறது. அந்த இழப்பைக் குறைக்காமல் வாசலில் எத்தனை துப்பாக்கி வைத்தாலும் மாத்திரை ஜெயித்துவிடும்.

பெற்றோர் கூட்டத்தை மரத்தடியில் வைத்தேன். வைரஸ், தொற்று என்று பேசாமல், "வீட்டுல அம்மை போட்டா என்ன செய்வீக?" என்று கேட்டேன். பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்தார்கள். வாசலில் வேப்பிலை செருகுவோம். வெளியாளை உள்ளே விட மாட்டோம். நாங்களும் விசேஷ வீட்டுக்குப் போக மாட்டோம். பிள்ளைக்குத் தனிப் பாய், தனித் தட்டு. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. "அப்ப தெரு உங்களை ஒதுக்குதா?" "ஒதுக்காது. ஆத்தா வந்திருக்கான்னு எளநீ வாங்கிட்டு வந்து வாசல்ல வச்சிட்டுப் போவாக." "இதையும் அப்படியே வைச்சுக்குவோம்" என்றேன். நோயை ஊருக்குச் சொல்லிவிட்டு மரியாதையோடு ஒதுங்கியிருக்கும் முறை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. நாம்தான் புதுப் பெயர்களைச் சொல்லிக் குழப்பியிருந்தோம். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொன்னேன்: அம்மைக்கு மருந்து வேண்டாம் என்று இருப்பதுபோல் இதற்கு இருக்கக் கூடாது, மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

ஆச்சி தன் பங்குக்கு, "எங்க அப்பச்சி காலத்துல கொழும்புக்குப் போறவுகள மண்டபத்துல நிறுத்தி வச்சுப் பாத்துத்தான் கப்பலேத்துவாக. நாள் கணக்கா உக்காந்திருந்தேன்னு சொல்வாக" என்றார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, உடம்பு பார்த்து அனுப்பியது சரித்திரத்தில் இருப்பதுதான். கூட்டத்தில் இரண்டு வயசாளிகளுக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது.

பேச்சோடு விட்டால் போதாது என்று மூன்று காரியம் செய்தோம். பள்ளியில் வருஷா வருஷம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு கொடுப்போம், அதை நிறுத்தினோம். காய்ச்சலோடு வருகிற பிள்ளைக்குக் கைதட்டல் கிடைக்கும் ஏற்பாட்டை நாங்களே பல வருஷம் நடத்தியிருக்கிறோம் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. இரண்டாவது, காய்ச்சலுக்காக வராத பிள்ளையின் முட்டை, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பப்படும். மூன்றாவது, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை வகுப்பில் சத்தமாகக் கேட்கக் கூடாது. ஆசிரியர் மாலையில் போனில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் வருகைப்பதிவு குறைந்தது. மேலிருந்து கேள்வியும் வந்தது. பதில் எழுதினேன்.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றி ஒன்று. நாள் முழுக்க முகக்கவசம் போட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து கழற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசுகிற அரை மணி நேரம் அது. முதலில் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்திருந்தோம். பிறகு வெளித் தாழ்வாரத்தில் இரண்டு பந்தியாக, எல்லோரும் ஒரே திசை பார்த்து. பேசாதே என்று சொல்லிப் பயனில்லை; ஆசிரியர் ஒருவர் தள்ளி உட்கார்ந்து கதை சொன்னால் பிள்ளைகள் வாயை மூடிக் கேட்பார்கள். கழற்றிய கவசத்தை மேசையில் வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து எது யாருடையது என்று தெரியாமல் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். அதற்கு ஆளுக்கொரு காகித உறை, மேலே பேர். துணிக் கவசம் ஆளுக்கு இரண்டு. மழையில் நனைந்ததைப் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

கழிப்பறையில் கிருமியைவிடப் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருந்ததுதான் என் கவலை. கதவுத் தாழ்ப்பாள் சரியில்லாததால் போக விருப்பமில்லை, போக விருப்பமில்லாததால் குடிப்பதில்லை, கவசமும் அதற்குச் சாக்கு. இரண்டு தாழ்ப்பாள், ஒரு மூடி போட்ட வாளி, அவ்வளவுதான் செலவு. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் தண்ணீர் குடிக்க மணி அடித்தோம்.

கொசுவிடம் நன்றாக மாட்டிக்கொண்டோம். குழாயில் தண்ணீர் வராத நாளுக்கென்று ஒரு பெரிய டிரம்மில் கை கழுவத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "டீச்சர், டிரம்முக்குள்ள நூல் நூலா நெளியுது" என்றாள். டெங்குவைப் பரப்புகிற கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பகலில்தான் கடிக்கும், அதாவது பள்ளி நேரத்தில். கொரோனாவுக்காக வைத்த தண்ணீரில் டெங்குக் கொசு வளர்த்திருக்கிறோம்! தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை டிரம்மின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேய்த்துக் கழுவ வேண்டும். புழு கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் 'புழு வேட்டை' வைத்தோம். சிரட்டை, டயர், மாடி, பயன்படுத்தாத கழிப்பறைத் தொட்டி எல்லாவற்றையும் பிள்ளைகளே குழுவாகப் போய்ப் பார்த்தார்கள். இதில் அவர்கள் காட்டிய உற்சாகம் வேறு எதிலும் காட்டவில்லை. பூட்டிய வீட்டு வாசலில் கிடந்த பழைய அண்டாவைக் கவிழ்த்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார்கள்.

டிசம்பரில் ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தொற்று உறுதியானது. பேர் சொல்லாமல், 'ஏழாம் வகுப்பில் ஒருவருக்கு' என்று மட்டும் அன்று மாலையே எல்லாப் பெற்றோருக்கும் தெரிவித்தோம். அந்த வகுப்பு வீட்டில் இருந்தது, பரிசோதனை நடந்தது, இன்னும் இருவருக்கு வந்தது, மூவரும் நல்லபடியாகத் திரும்பினார்கள். முன்பு சொன்னதெல்லாம் தடுத்துவிட்டது என்று மார்தட்ட முடியாது. எங்களுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் யாரோ இரண்டு இளநீர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஜனவரியில் மறுபடி மூடினார்கள். 2022 பிப்ரவரி 1-ஆம் தேதி திறந்தபோது எட்டுக் குழாயும் வேலை செய்தன. பிறகு முகக்கவசம் போயிற்று, வட்டங்கள் மழையில் அழிந்தன, துப்பாக்கி பேட்டரி இல்லாமல் அலமாரியில் கிடக்கிறது. வலைப் பை இருக்கிறது. காக்காய் அதையும் கொத்திப் பார்க்கிறது, முடிச்சை மட்டும் அவிழ்க்க முடியவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்த சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அவன் அடுத்த வீட்டுப் பெண்ணின் அம்மா நோட்டுத் தாளைக் கிழித்துப் பென்சிலில் எழுதியது: "பெரிய டீச்சருக்கு, பாப்பாவுக்குச் சளியும் காய்ச்சலும். ரெண்டு நாள் கழிச்சு அனுப்புறேன். முட்டையை இவன்கிட்ட குடுத்து விடுங்க. போன தடவை பாதி வழியிலயே தின்னுட்டான்."